உனக்குக் கொடுக்காத சாமியார் கடிதம்

அரக்கு உருகின வாசனை இன்னும் என் விரலை விட்டுப் போகவில்லை. காலையில் பூசை முடிந்ததும் சாமியார் வீட்டுக்குப் போய் செசிலிக்காக ஒரு கடிதம் வாங்கி வந்தேன். என் கண்ணெதிரேதான் உறையை மடித்து, அரக்கை உருக்கி, முத்திரையை அழுத்தினார். சூடு ஆறுவதற்குள் அவசரப்பட்டுக் கையில் எடுத்துவிட்டேன். சவுக்காரம் போட்டுக் கழுவினேன், சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. உன் ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம் எனக்கு எங்கே சமையல் ஓடும்? உலையை இறக்கி வைத்துவிட்டு, காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

செசிலியை உனக்குத் தெரியும். என் தம்பி மகள். தாயில்லாப் பிள்ளையென்று மூன்று வயதில் என்னிடம் கொண்டுவந்து விட்டானே, உன் வகுப்பில் பலப்பத்தைத் தின்றுவிட்டு உன்னிடம் குட்டு வாங்கினாளே, அவள்தான். இப்போது இருபத்திரண்டு வயது. ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படித்துத் தேறிவிட்டாள். பினாங்கில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. வியாழக்கிழமை கப்பல். இன்று செவ்வாய். தம்பி, "அக்கா சரின்னா எனக்கும் சரி" என்று சொல்லிவிட்டுத் தியாகராய நகரில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறான்.

ஊர் மாறிப் போகிறவர்கள் சொந்தக் கோயில் சாமியாரிடம் கடிதம் வாங்கிப் போவது நம் வழக்கம். இன்னாருடைய மகள், இந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவள், பூசைக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் ஒழுங்காக வருகிறவள் என்று அதில் எழுதியிருக்கும். அதைக் காட்டினால் போகிற ஊர்க் கோயிலில் பெயர் பதிவார்கள். பெயர் பதிந்துவிட்டால், உடம்புக்கு முடியவில்லையென்று இரண்டு வாரம் பூசைக்கு வராவிட்டால் உபதேசியார் வீடு தேடி வருவார். சாகக் கிடக்கிற அவஸ்தை நேரத்தில் சாமியாரைக் கூட்டி வருவார். கடைசியில் கல்லறைக்கும் அந்தப் பெயர்தான் வழி.

செசிலி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள், "அத்தை, கடிதம் ஆச்சா?" என்று.

"நாளைக்கு வரச் சொன்னார்" என்று சொல்லிவிட்டேன்.

கடிதம் அப்போது என் பெட்டிக்குள் இருந்தது. கோயில் பீடத் துணிகளை மடித்து வைக்கிற தகரப் பெட்டி. சாமான் வாங்கப் போய்விட்டாள் அவள். கடிதம் இல்லாமல் இவள் போக மாட்டாள், அடுத்த கப்பலுக்குள் மனசு மாறினாலும் மாறும் என்று என் வாய் தானாகக் கணக்குப் போட்டுவிட்டது. இதே வாய் உன்னிடமும் ஒரு பொய் சொல்லியிருக்கிறது. அது உனக்குத் தெரியாமலே நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும்.

நான் செங்கல்பட்டுப் பக்கத்துக் கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்துவிட்டு, மயிலாப்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். நீ எங்கள் வீட்டுப் பின்கட்டு அறைக்குக் குடிவந்தபோது உனக்கும் எனக்கும் ஒரே வயது என்று கேட்டு எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீ ரயிலில் தனியாகத் திருச்சினாப்பள்ளி போய் வந்தவள். புருஷன் செத்த மறுவருஷமே வாத்தியார் வேலை படித்தவள். நானோ மாம்பலம் போகவே ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொள்கிறவள். கோயில் பிள்ளைகளெல்லாம் என்னை அத்தை என்று கூப்பிடுவதைக் கேட்டு நீயும் கேலியாக அத்தை என்றே கூப்பிட ஆரம்பித்தாய். கோபம் வந்தால் மட்டும் என் பெயர் உன் வாயில் வரும்.

அடையாறுக்குப் போன அந்த ஞாயிற்றுக்கிழமையை என்னால் மறக்க முடியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய தோட்டத்தில் பல தேசத்து ஜனங்களும் கூடுகிறார்கள், பிரசங்கம் நடக்கிறது, போய்க் கேட்போம் என்றாய். நம்மவர்கள் அங்கே போகக் கூடாதென்று சாமியார் கண்டித்திருந்தது உனக்குத் தெரியும். "நீ பிரசங்கம் கேக்க வேண்டாம், எனக்குத் துணைக்கு வா. துணைக்கு வர்றது பாவமா?" என்றாய். பாவமா இல்லையா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் ஜட்கா பாலத்தைத் தாண்டிவிட்டது.

அங்கே ஒரு பெரிய ஆலமரத்தடியில் சேலை கட்டின வெள்ளைக்காரிகள் உட்கார்ந்திருந்தார்கள். தலைப்பாகைக்காரர்கள், சப்பை மூக்கு மனிதர்கள், குடுமிக்காரர்கள், எல்லாரும் ஒரே ஜமக்காளத்தில். நான் ஓரத்தில் ஒரு விழுதைப் பிடித்துக்கொண்டு, முந்தானைக்குள் மணி உருட்டிக்கொண்டிருந்தேன். விழுதெல்லாம் மரமாகித் தடித்து நின்றதில் எது அடிமரம் என்றே புரியவில்லை. உன்னிடம் கேட்டேன். "தெரியாட்டி என்ன? நிழல் இருக்குல்ல" என்றாய்.

ஒரு வெள்ளைக்காரர் பேசப் பேச ஒருவர் தமிழில் சொன்னார். ஒரு தெருவுக்கும் ஒரு சாதிக்கும் ஒரு தேசத்துக்கும் மட்டும் நாம் பிறக்கவில்லையாம். ஒவ்வொருவரும் உலகத்துப் பிரஜை என்று தன்னை எண்ணிக்கொள்ள வேண்டுமாம். உன் முகத்தை அப்போது பார்த்தேன். கோயிலில் முதன்முதலாகப் புது நன்மை வாங்கின பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. இவள் இனி நம் கூரைக்குக் கீழே தங்க மாட்டாள் என்று அன்றைக்கே பட்டுவிட்டது.

திரும்பி வரும்போது ஜட்காவில் நான் வாயை மூடவில்லை. கோயில் இல்லாமல், குடும்பம் இல்லாமல் என்ன பிரஜை, வீட்டு எண் இல்லாத கடுதாசி மாதிரி என்றெல்லாம் பொரிந்து தள்ளினேன். நீ வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாய். கடைசியில் கேட்டேன், "எல்லாருக்கும் பொதுவானவ காணாமப் போனா யாருடி தேடுவாங்க?"

ஜட்கா நம் தெருவுக்குள் திரும்பின பிறகு, "யாராவது தேடுவாங்க" என்றாய். அதைவிடப் பயமான பதிலை நான் கேட்டதில்லை. யாராவது என்றால் யார்? பெயர் வேண்டாமா? முறை வேண்டாமா?

அதற்குப் பிறகு நீ என்னை விடவில்லை. சாயங்கால ஜெபம் முடிந்து நான் எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்வாய். "தினம் 'எங்களுக்காக'ன்னு வேண்டறியே அத்தை, அந்த எங்கள்ல யார் யார் இருக்காங்க?" என்பாய். எங்கள் வீட்டுக்காரர்கள், எங்கள் கோயில்காரர்கள், செத்துப்போன மாமனார் மாமியார் என்று நான் விரலை மடக்குவேன். "அவ்வளவுதானா? மாதாவுக்கு வேலை ரொம்பக் குறைச்சல்" என்பாய். என் ஊர்க் கோயிலில் நடுவே கம்பி போட்டுச் சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார வைத்ததை நான்தான் உனக்குச் சொன்னேன். அதையே எடுத்து என்மேல் வீசினாய்: "உள்ளேயே கம்பி கட்டினவங்க நாம. வெளியே இருக்கறவங்களைப் பத்தி நமக்கு என்ன பேச்சு?" ஆனால் பயத்துக்குப் பதில் தேவையில்லையே. அது பேச்சில் தோற்றாலும் அடுப்படி வரைக்கும் கூடவே வந்துவிடும்.

ரங்கூனிலிருந்து உனக்கு வேலைக்கு உத்தரவு வந்தது அடுத்த தை மாதம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். அடையாறு போன விஷயம் தெரிந்து சாமியார் உன்மேல் கோபமாக இருந்தார். நீ போய்க் கேட்டால் கடிதம் கிடைக்காது. என்மேல் அவருக்கு நம்பிக்கை. பதினைந்து வருஷமாகப் பீடத் துணிக்குக் கஞ்சி போட்டு, நீலம் போட்டு, இஸ்திரி போட்டுக் கொண்டு போகிறவள் நான். ஒரு சுருக்கம் இருக்காது. அதனால் என்னைப் போய் வாங்கி வரச் சொன்னாய்.

வாங்கினேன். இப்போதுதான் சொல்லுகிறேன், கேள். சாமியார் கொடுத்தார். கோபத்தோடுதான் கொடுத்தார், ஆனாலும் நல்லவிதமாகவே எழுதிக் கொடுத்தார். "கடல் கடந்து வந்தவன்தான் நானும். போகட்டும். நல்லா இருக்கட்டும்" என்று அவருடைய கொழகொழத் தமிழில் சொல்லியும் அனுப்பினார். நான் வீட்டுக்கு வந்து அந்த உறையைப் பீடத் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு, நீ கேட்டபோது, "சாமியார் தரலைடி" என்றேன்.

கடிதம் இல்லையென்றால் நின்றுவிடுவாய் என்று நினைத்தேன். நான் உன் இடத்தில் இருந்தால் நின்றிருப்பேன். நீ கொஞ்ச நேரம் பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாய். அப்புறம் சிரித்தாய். "அவரும் கடல் தாண்டி வந்தவர்தானே. அவரைத் தடுக்க அவங்க ஊர்ல ஒரு அத்தை இல்ல போலிருக்கு. சரி போ. காகிதம் இல்லாம போனா சர்வேசுரனுக்கு என்னை அடையாளம் தெரியாதா?" என்றாய்.

அந்த நிமிஷம் உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. பொய் வெளிப்பட்டுவிடுமே. உன் முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பேன்? துறைமுகத்துக்குக்கூட நான் வரவில்லை. தலைவலி என்றேன். நீ என் தலையில் தைலம் தடவிவிட்டுப் போனாய்.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில், "ஒரு பொய் சொன்னேன் சாமி" என்றேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். முப்பது சொன்னேன். ஆனால் செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்று. தபால் உறைக்குள் போட்டு ரங்கூனுக்கு அனுப்ப வேண்டியது. அதை மட்டும் செய்யவில்லை. ஒவ்வொரு தடவை உன் கடுதாசி வரும்போதும் இந்தத் தடவை அனுப்பிவிடுவேன் என்பேன். நீ இராவதி ஆற்றைப் பற்றி எழுதுவாய், பிள்ளைகள் பற்றி எழுதுவாய், பக்கத்து அறை பர்மாக்காரி மா தின் உனக்கு அவர்கள் சமையல் கற்றுத் தருவதை எழுதுவாய். பெரிய கோயிலில் பின்னால் நின்று பூசை காண்கிறேன், இன்னும் பெயர் பதியவில்லை என்று ஒரு தடவை எழுதியிருந்தாய். அந்த வரியை நான் இரண்டாம் தடவை படிக்கவில்லை. மடித்து வைத்துவிட்டேன்.

அப்புறம் அங்கே கலகம் என்று பத்திரிகையில் வந்தது. நம் ஜனங்களைத் தேடித் தேடி அடிக்கிறார்கள், கப்பல் கப்பலாகத் திரும்பி வருகிறார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு. தினமும் ஒருவரைப் பத்திரிகை படிக்கச் சொல்லிக் கேட்பேன், படித்து முடிப்பதற்குள் காதைப் பொத்திக்கொள்வேன். உன்னிடமிருந்து ஒரு மாதம் கழித்துக் கடுதாசி வந்தது. மூன்று நாள் மா தின்னுடைய அறையில் இருந்தாயாம். அவளுடைய லுங்கியை உனக்குக் கட்டி, உன் தலையை அவர்கள் மாதிரி முடிந்துவிட்டு, வாசலில் அவளே உட்கார்ந்துகொண்டாளாம். வந்தவர்களில் அவள் தாய்மாமன் மகனும் இருந்தானாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் எழுதின பதில் உனக்கு ஞாபகம் இருக்கும். உலகத்துப் பிரஜை என்றாயே, அந்த உலகம் தடியைத் தூக்கிக்கொண்டு உன் வாசலுக்கே வந்ததே, இப்போதாவது புத்தி வந்ததா, அடுத்த கப்பலில் வா என்று எழுதினேன். நீ இரண்டே வரி எழுதினாய். "தடியோடு வந்ததும் உலகம்தான். கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்ததும் உலகம்தான். எனக்கு இங்கே வேலை இருக்கிறது."

அந்த மழைக்காலத்திலேயே நீ போய்விட்டாய். நாலு நாள் காய்ச்சல். செய்தியை எழுதியவர் அதே கட்டடத்தில் குடியிருந்த ஒரு தமிழ்க் குமாஸ்தா. மா தின் பர்மா பாஷையில் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதுவதாக மேலே போட்டிருந்தார். நாலாம் நாள் காலையில் நீ சாமியார் வேண்டுமென்று சொல்லியிருக்கிறாய். எந்தக் கோயில் என்று அவளுக்குத் தெரியவில்லை. உனக்கு அதற்குள் பேச்சு குழறிவிட்டது. சிலுவையைக் கண்ட இடத்துக்கெல்லாம் மழையில் ஓடியிருக்கிறாள். முதலில் போன கோயில் நம் வேதத்தாருடையது இல்லை. அடுத்த கோயிலில் பெயர்ப் புத்தகத்தைப் பார்த்து, இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லையே என்றார்களாம். இருந்தாலும் ஒரு சாமியார் குடையை எடுத்துக்கொண்டு அவளோடு நடந்து வந்திருக்கிறார். அவர் வந்தபோது நீ போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அந்த ஒரு மணி நேரம் என்னுடையது. என் தகரப் பெட்டிக்குள், கஞ்சி போட்ட துணிக்கு அடியில் இருந்தது. கடைசிப் பூசுதல் இல்லாமல் நீ போனதற்கு என் கைதான் காரணம். ஏழு வருஷமாக ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் இதே பயத்தோடுதான் முழங்காலில் நிற்கிறேன். உனக்காகப் பயமா, எனக்காகப் பயமா என்று இப்போதெல்லாம் பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

அந்தக் கடுதாசியின் அடியில் இன்னும் நாலு வரி இருந்தது. மா தின் தானே உன்னைக் குளிப்பாட்டிப் புதுத் துணி உடுத்தினாளாம். நீ தினமும் கையில் வைத்திருந்த மணிமாலையை உன் கழுத்தில் போட்டு, தலையில் பூ வைத்தாளாம். "உங்கள் முறை எனக்குத் தெரியாது. மாலையைக் கழுத்தில் போட்டது தவறா? தவறென்றால் அவளுக்கு ஏதாவது கெடுதல் வருமா? தயவுசெய்து எழுதவும்." இறந்தவர்கள் கையில் ஜெபமாலையைச் சுற்றி வைப்பதுதானே நம் பழக்கம். நான் அலறிக்கொண்டு சாமியாரிடம் ஓடினேன். அவர் கடுதாசியை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "ஒரு தப்பும் இல்லை அம்மா. சரியாத்தான் செய்தாங்க" என்றார்.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போது அன்னம்மா வந்தாள். குப்பத்திலிருந்து மீன் கொண்டு வருகிறவள், நம் கோயில்காரிதான், உன்னிடம் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவள். கூடையை இறக்கிவிட்டு என்னையே பார்த்தாள்.

"இன்னா அத்தே, மூஞ்சி இப்டி கீது? பொண்ணு கப்பல் ஏறுதேன்னா?"

தூர தேசம், முகம் தெரியாத ஜனங்கள், ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் இருக்கிறார்கள் என்று புலம்பினேன். அவள் வஞ்சிரத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எம் புருசன் தெனம் போறான். தண்ணி மேல இன்னா ஊருன்னு எய்தியா கீது? கரை ஏறினாத்தான் மயிலாப்பூரு."

உனக்குப் பயமே இல்லையா என்று கேட்டேன்.

"பயந்துக்கினுதான் கீறேன். பயந்துக்கினே கஞ்சி கட்டிக் குட்த்து அனுப்பறேன். நான் பயப்படறேன்னு அவனை ஊட்டுலயா கட்டிப் போட முடியும்?" என்றாள். பிறகு மீனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் போன பிறகு என்னால் எழுத முடியவில்லை. நிறுத்திவிட்டேன்.

மேலே இருப்பது செவ்வாய்க்கிழமை எழுதியது. இன்று வெள்ளி. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை காலையில் செசிலி தன் டிரங்குப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் என் தகரப் பெட்டியைத் தூக்கிக் கொண்டுபோய் அவளுக்கு முன்னால் வைத்துத் திறந்தேன். துணிகளை எடுத்துவிட்டு இரண்டு உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் அரக்கு புதுசாகச் சிவந்திருந்தது. மற்றது வெடித்துத் தூளாகியிருந்தது. அதன்மேல் உன் பெயரைப் பார்த்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பித்திருக்க மாட்டேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தன் கடிதத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"எனக்கும் இதே பொட்டியா அத்தை?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"டீச்சர் செத்த செய்தி வந்தப்போ நீங்க மூணு நாள் சாப்பிடல. துக்கம்னு நினைச்சேன்" என்றாள். குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு மா தின்னுடைய கடுதாசியைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். நர்ஸ் படித்தவள், எத்தனையோ சாவுகளைப் பார்த்திருப்பாள், அந்தக் கடைசி நாலு வரியில் வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தம்மாவுக்கு என்ன பதில் எழுதினீங்க?"

எழுதவில்லை.

சேராமல் நான் தடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தது ஒரு கடிதம். மா தின்னுக்கு எழுதாத பதிலோடு இரண்டு என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. தவறா என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். தவறில்லை என்று மறுநாளே எனக்குத் தெரியும். ஏழு வருஷமாகச் சொல்லவில்லை. எழுதினால் பெயர் ஏன் பதியவில்லை என்று அவள் திருப்பிக் கேட்பாளோ என்று பயம். வேற்று மதத்துக்காரிக்கு என்ன எழுதுவது என்று பயம். அடுத்த வாரம், தபசுகாலம் கழியட்டும், மழை கழியட்டும் என்று தள்ளித் தள்ளி, அவளை மறந்தே போனேன். தாய்மாமன் மகனுக்கு எதிரே வாசலில் உட்கார்ந்தவள், உன் கழுத்தில் போட்ட மாலை உனக்குக் கெடுதலாகியிருக்குமோ என்று எத்தனை நாள் தூங்காமல் இருந்தாளோ. என் பயத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு அவள் பயத்தை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

வியாழக்கிழமை துறைமுகத்துக்குப் போனேன். தம்பியும் வந்தான். செசிலி ரவிக்கைக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு ஏணிப்படி ஏறினாள். திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். கப்பல் அசைந்தபோது நானும் கையை ஆட்டினேன். தம்பி என் தோளைப் பிடித்துக்கொண்டான். பயம் குறைந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். உனக்கு இனிப் பொய் கிடையாது. அங்கே கலகம் வரலாம், காய்ச்சல் வரலாம். பக்கத்து அறையில் மா தின் மாதிரி ஒருத்தி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்தத் தோட்டத்துப் பிரசங்கியார் சொன்னபடி என்னை நான் உலகத்துப் பிரஜை என்று எண்ணிக்கொள்ள இந்த வயதில் என்னால் ஆகாது. எனக்கு இந்தத் தெருவே கொஞ்சம் பெரிசுதான். ஆனால் என் தெருக்காரி ஒருத்தியை யாரோ ஒரு தெருவில் குளிப்பாட்டிப் பூ வைத்தார்கள். அந்தப் பாரத்தை நான் எங்கே இறக்கி வைப்பேன்?

இன்று காலையில் அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். விலாசம் செசிலி ஆங்கிலத்தில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்தக் குமாஸ்தா இன்னும் அங்கே இருக்கிறாரோ என்னவோ. அவளே இருக்கிறாளோ என்னவோ. முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். எந்த முறை வைத்து எழுதுவது? அவளுக்கு என்ன வயது என்று நீ எழுதினதே இல்லை. முறை இல்லாமல் நாம் யாருக்காவது எழுதியிருக்கிறோமா? வெகு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காகிதத்தில் ஒரு சொட்டு மை விழுந்துவிட்டது. அதற்குப் பக்கத்திலேயே எழுதினேன்:

"மா தின் அக்காவுக்கு. கழுத்தில் போட்டது சரிதான்."